மூன்றாம் மாடிக்கு வரும் ஊர்கள்

ஆம்ஸ்டர்டாம்
1984 மார்ச் 5

யோபி,

‘அன்புள்ள’ என்று போடாததைக் கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை.

உன் தபால் அட்டை வந்தது. முன்பக்கம் போர்த்தோ நகரத்து மணிக்கூண்டு. பின்பக்கம் உன் கோழிக் கிறுக்கலில், ‘அழகான ஊர், நல்ல வெயில், கோரி உன்னை விசாரித்தாள்.’ இதற்கு ஒரு தபால்தலை கேடு. மணிக்கூண்டு பார்க்கவா இத்தனை வருடம் ஒவ்வொரு வசந்தத்திலும் நாம் இருவரும் ரயில் ஏறினோம்? காட்சிசாலை கிடையாது, கோபுரம் கிடையாது, வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. பகல் முழுக்க ஆளுக்கொரு பக்கம் சுற்றிவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு வரும்போது அன்றைக்குக் கண்ட சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கொண்டுவர வேண்டும். யார் கொண்டுவந்தது சின்னதோ அவள் ஜெயித்தாள். இதுதானே நம் சட்டம்? போர்த்தோ நாம் சேர்ந்து போவதாக வைத்திருந்த ஊர். நீ பாட்டுக் குழுவிலிருந்து கோரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். சரி, போனாய். போய் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாயே, அதுதான் வயிற்றெரிச்சல்.

என் நிலைமை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. அறுவை சிகிச்சைக்கு இதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சமதரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ஆனால் இந்த வீட்டில் ஏணியைச் சாய்த்து வைத்து அதற்குப் படிக்கட்டு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மூன்று மாடிக்கும் அதே ஏணிதான். நவம்பரில் கடைசியாகக் சின்னக் குழந்தை மாதிரி உட்கார்ந்த வாக்கில் ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினேன். திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடி ஸ்த்ராட்மன் பின்னாலிருந்து தள்ள, முதல் மாடிக்காரி முன்னாலிருந்து இழுக்க, நான் நடுவில் சாக்குமூட்டையாக அழுதேன். அதோடு சரி.

தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து ஜன்னல் வழியாக இறக்குவார்கள், இந்தத் தெருவில் எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறார்கள். ஆனால் இறக்குவதோடு சரி, திரும்ப ஏற்ற மாட்டார்கள். ஆக நான் இந்த வீட்டை விட்டு ஒரே ஒரு தடவைதான் போக முடியும்.

தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன். வீட்டுவசதிச் சங்கத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் பாதி ஆம்ஸ்டர்டாம் நிற்கிறது. தோணித்துறைக்கு அந்தப் பக்கம் உனக்கொரு வீடு இருக்கிறது, அதுவும் சங்கத்து வாடகை வீடுதான், தரைத்தளம்தான், வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனிமேல் கோபுரம் அனுப்பாதே. ஊரை அனுப்பு.

ஆல்டா


போர்த்தோ
1984 மார்ச் 17

அன்புள்ள ஆல்டா (நான் போடுகிறேன், பார்),

திட்டு வாங்கியதும்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது. மணிக்கூண்டு கோரியின் வேலை. அவளோடு படும் பாட்டைக் கேள். வழிகாட்டிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு கோபுரத்துல ஏறாமப் போனா, நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது யோபி?”

“ஏறினேன்னு சொல்லு. யாரு கண்டா?”

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த அமைதியும் ஒரு சின்ன சந்தோஷம்தான், கணக்கில் சேர்த்துக்கொள்.

உனக்காகச் சேர்த்தவை இதோ. இங்கே ராத்திரி படுக்கும்முன் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் பைக்குள் ரொட்டி இருக்கிறது. ரொட்டிக்காரன் எப்போது வருகிறான் என்று யாரும் பார்த்ததில்லை. ஏழைத் தெருவில் பழைய தலையணை உறை, பணக்காரத் தெருவில் பூப்பின்னல் போட்ட பை, ரொட்டி மட்டும் ஒரே ரொட்டி. காலையில் நடந்து போகையில் தெரு முழுக்கக் கைப்பிடிகள் கதகதவென்று வாசம் வீசுகின்றன.

அப்புறம் மருந்துக்கடை எடை மேடை. ஒரு கிழவனும் கிழவியும் வாரம் தவறாமல் வருவார்களாம். அவன் ஏறி நிற்க, அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி படித்தாள். கடைக்காரன் தலையைத் தூக்காமலே சொன்னான்: “போன வாரத்துக்கு ஒரு மத்தி மீன் கூடியிருக்கீங்க.” கிழவனுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

டிராம் ஓட்டுநர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, கடப்பாரையோடு இறங்கித் தண்டவாளத்தைத் தானே திருப்பிவிட்டு மறுபடி ஏறுகிறான். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு சுருட்டு கொடுத்திருப்பார். அவர் ரயில்வேயில் காலமெல்லாம் டிக்கெட் பரிசோதித்த புண்ணியத்தில்தான் இன்றைக்கும் ரயில் என்னைச் சும்மா சுமக்கிறது. பாவம், மனுஷன் பக்கத்து ஊரான ஹார்லெமைத் தாண்டி எங்கேயும் இறங்கிப் பார்த்ததில்லை.

என் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், பூட்டித்தான் கிடக்கிறது. ஓரத்தில் எழுத இடமில்லை, தாள் முடிந்துவிட்டது.

அடுத்தது ட்ரியெஸ்தே. அங்கே தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது.

உன் யோபி


ஆம்ஸ்டர்டாம்
1984 ஏப்ரல் 2

அன்புள்ள யோபி,

ரொட்டிப் பை ஜெயித்தது. ஒத்துக்கொள்கிறேன். தலையணை உறைதான் என்னைக் கவிழ்த்தது.

என் ஊரிலிருந்தும் அனுப்புகிறேன், கேள். ஜன்னலுக்கு வெளியே சாய்த்து மாட்டியிருக்கும் வேவுக் கண்ணாடியை ஸ்த்ராட்மன் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். முன்பு கீழே மணி அடிப்பது யார் என்று பார்க்கத்தான் அது உதவியது. இப்போது பாலம் வரைக்கும் தெரிகிறது. கையகல ஆம்ஸ்டர்டாம், அதுவும் வலம் இடமாக. அதைத்தான் தினமும் சுற்றிப்பார்க்கிறேன்.

படகு வருகிறது, பாலம் தூக்குகிறார்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார்கள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டவர்கள் முகத்தில் அப்போது வருகிற நிம்மதியைப் பார்த்திருக்கிறாயா? இனி தாமதம் அவர்கள் குற்றமில்லை, பாலத்தின் குற்றம். நேற்று ஒரு பெண் பக்கத்து ஆளின் சைக்கிள் கண்ணாடியில் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். அவன் அவளுக்காக ஹாண்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தான். பாலம் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

எதிர்க்கரைப் படகுவீட்டுக்காரன் காலையில் தன் கூரையைத் தேய்த்துக் கழுவும்போது ஒரு நாரை வந்து பக்கத்தில் நிற்கிறது. ஒரு வேலையும் செய்யாது, வேலை செய்பவனையே பார்க்கும். அதனால் அதற்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறான். “என்ன இன்ஸ்பெக்டர், மூலையெல்லாம் சுத்தமா?” என்று கேட்பது தண்ணீர் மேல் தவழ்ந்து என் ஜன்னல் வரைக்கும் வருகிறது.

இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோபி, வசந்தம் வந்துவிட்டது. கீழே மரங்களில் துளிர். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களின் உச்சந்தலையை மட்டும் நான் பார்க்கிறேன். சில நாள் இந்த அறையில் மூச்சு முட்டுகிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறேன்.

சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இத்தனை மாடி ஏறி மூச்சு வாங்கியவள், “இதுல எப்படிங்க இருக்கீங்க?” என்று என்னையே கேட்டாள்.

“அதத்தான் உங்ககிட்ட எழுதிக் கேட்டிருந்தேன்.”

“இப்போதைக்குக் காலி இல்லீங்க. ஆனா ஒரு வழி இருக்கு. தரைத்தளத்துல இருக்கறவங்க யாராவது தெரிஞ்சவங்க சம்மதிச்சா, ரெண்டு பேரும் வீட்ட மாத்திக்கலாம். ரெண்டு கையெழுத்து, அவ்ளோதான். அப்படி யாராவது இருக்காங்களா?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? சுற்றி வளைக்க எனக்கு வராது. யோபி, உன் வீட்டை எனக்குக் கொடு. என் வீட்டை நீ எடுத்துக்கொள். உனக்குக் கால் இருக்கிறது, வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. நீ அந்த வீட்டில் வாழவில்லை, பெட்டியை மாற்றிக் கட்டுகிறாய். எனக்கு அது வெளியே போகும் வாசல்.

கேட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

ஆல்டா


ட்ரியெஸ்தே
1984 ஏப்ரல் 19

அன்புள்ள ஆல்டா,

கோரி வீட்டுக்குப் போய்விட்டாள், விட்டது சனி. இப்போது தனியாகச் சுற்றுகிறேன். இந்த ஊர் உனக்காகவே கட்டியது!

இங்கே மலையிலிருந்து ஒரு காற்று இறங்குகிறது. அது வரும் நாளில் தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்களாம், பிடித்துக்கொண்டு நடக்க. போன வாரம் ஒரு நாள் அது வந்தது. கயிறு இல்லாத முனையில் ஒரு வக்கீல் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை நான் கட்டிக்கொண்டேன். “மன்னிச்சுக்குங்கம்மா, என் தொப்பி போயிடுச்சு, வணக்கம் சொல்ல முடியல” என்றார். இந்த வயதில் எனக்கு ஒரு வக்கீல் கிடைத்தார், கம்பத்தோடு சேர்த்து.

கடற்கரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. வேறெங்காவது என்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தேன், மத்தியான வெயிலில் பாட்டிமார் எல்லாம் காலணியைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். ஒருத்தி எனக்கும் ஒன்று கொடுத்தாள். “சுவர இடிக்கணும்னு சின்னப் பொண்ணுங்க சொல்லுதுங்க. இடிச்சா என் புருஷன் வந்து பக்கத்துல உக்காந்துக்குவான்” என்றாள்.

காப்பிக்கு மட்டும் இந்த ஊரில் தனி மொழி இருக்கிறது. நான் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. வந்ததில் நடுவில் ஒரே ஒரு சொட்டு நுரை, ஒரு பொத்தான் அளவுக்கு. அதைக் கலைக்க மனமில்லாமல் ஆறவிட்டுக் குடித்தேன்.

தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன், உன் கடிதம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். இத்தாலியத் தபால் அப்படித்தான். இங்கிருந்து பாசெல் போகிறேன், அங்கே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். இன்ஸ்பெக்டருக்கு என் வணக்கம் சொல்.

உன் யோபி


ஆம்ஸ்டர்டாம்
1984 ஏப்ரல் 28

யோபி,

என் கடிதம் வரவில்லை. ஆனால் நாரையின் பெயர் மட்டும் காற்றிலே பறந்து வந்துவிட்டது, இல்லையா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காம்பை வெளியே நீட்டிக்கொண்டு மறைத்தவள் நீ ஒருத்திதான்.

ஆல்டா


பாசெல்
1984 மே 6

ஆல்டா,

பிடிபட்டேன். உன் கடிதம் நான் ட்ரியெஸ்தே போய் இறங்கிய அன்றே கிடைத்தது. கடற்கரையில் படித்தேன், அறைக்குப் போய் மறுபடி படித்தேன், பிறகு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நாரையை மட்டும் விட மனசு வரவில்லை. திருடத் தெரியாதவள் திருடினால் இப்படித்தான்.

மழுப்பாமல் எழுத முயற்சி செய்கிறேன். எனக்கு உன் படிக்கட்டு பயமில்லை. ஏறுகிறேன், இறங்குகிறேன். எனக்குப் பயம் உன் ஜன்னலோர நாற்காலி. உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. உனக்குப் போனது எனக்கும் போகும். அது போகிற அன்றைக்கு நான் மூன்றாம் மாடியில் இருந்தால்? இதை நினைத்துக்கொண்டேதான் ஊர் ஊராகப் போகிறேன் போலிருக்கிறது. நடக்க முடிகிறபோதே நடந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஒரு ஊரைப் பார்க்கும்போதே அடுத்த ஊருக்கு ரயில் எப்போது என்று விசாரிக்கிறேன். முன்பெல்லாம் இப்படி இல்லை, உனக்குத் தெரியும்.

முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. ஜூனில் வருகிறேன், நேரில் பேசுவோம்.

இங்கே ஆற்றைக் கடக்க ஒரு தோணி. இஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. கரைக்குக் கரை கட்டிய கம்பியில் ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் தோணி. ஆறு தள்ளுகிறது, அது பாட்டுக்கு அக்கரை போகிறது.

“கயிறு அறுந்தா என்ன ஆகும்?” என்று ஓட்டுபவனைக் கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது. எல்லாருமா ஹாலந்துக்குப் போயிடுவோம், இந்தத் தண்ணி அங்கதான் போகுது. நீங்க எந்த ஊரு?”

ஆல்டா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

யோபி


ஆம்ஸ்டர்டாம்
1984 ஜூன் 13

யோபி,

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீ வந்தது கடைசிக் காட்சிக்கு. முன்கதை உனக்குத் தெரியாது.

நீ ஊருக்கு வந்துவிட்டாய் என்று போன வாரமே தெரியும். தோணியில் உன்னைப் பார்த்ததாக ஸ்த்ராட்மன் சொன்னார். ஒரு வாரமாகப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. நேற்றுக் காலை என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். இனி பார்ப்பதில்லை, யாராவது வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இருட்டில் நாற்காலியில் சாய்ந்தவள் தூங்கிப்போனேன்.

இந்தத் தெருவில் பட்டப்பகலில் திரை மூடினால் என்ன அர்த்தம் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன், எத்தனையோ வீட்டுத் திரையைப் பார்த்து நானே குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். சாவு விழுந்த வீட்டில்தானே பகலில் மூடுவார்கள்?

கதவு திறக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். ஸ்த்ராட்மன் நிற்கிறார். கறுப்புக் கோட்டு. பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு, தலையை வாரி. மனுஷன் உடை மாற்றிக்கொண்டுதான் மேலே வந்திருக்கிறார்!

“ஆல்டா... இருக்கீங்களா?”

“இல்லீங்க, போயிட்டேன். கதவச் சாத்திட்டுப் போங்க.”

பாவம், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே படகுவீட்டுக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். முதல் மாடிக்காரி குழந்தைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டியிருக்கிறாள். அப்போதுதான் நீ வந்தாய். பாலத்திலிருந்து திரையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாய். மூன்று மாடியும் ஒரே மூச்சில். ஸ்த்ராட்மனை மிதிக்காத குறையாகத் தாண்டி உள்ளே வந்தாய்.

“அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா?”

“செத்தவளப் பாக்க மூணு மாடி ஓடி வர. இருக்கறவளப் பாக்க ஒரு வாரமா கால் வரலியோ?”

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது நிஜம். நீ என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். “என் வீட்ட எடுத்துக்கோடி, நாளைக்கே எடுத்துக்கோ, எனக்கு வேணாம்” என்றாய். ஸ்த்ராட்மன் சாட்சி.

நீ போன பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. என் நாற்காலியை உன் வாசலில் எங்கே போடுவது, காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பிறகு நிதானம் வந்தது. பயத்தில் சொன்ன வார்த்தை செல்லாது யோபி. ஆற அமர உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, அதையே ஒரு தாளில் எழுதி அனுப்பு. அப்போது நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. லெலிஸ்டாடில் தரைத்தளத்தில் ஒரு வீடு தருகிறார்களாம். லெலிஸ்டாட்! கடலை இறைத்துவிட்டு நேற்றுக் கட்டிய ஊர். அங்கே கால்வாய் இல்லை, பழைய பாலம் இல்லை, தெரிந்த முகம் ஒன்று இல்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். கிழித்துப் போடத்தான் இருந்தேன். ஆனால் நேற்று அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தது முதல் ஒன்று மனதைக் குடைகிறது. எப்படியும் ஒரு நாள் இந்த ஜன்னல் வழியாகத்தான் நான் போகப்போகிறேன். போவதை உயிரோடு போகிறேனே.

எங்கே போவது என்பது உன் கடிதத்தில் இருக்கிறது.

ஆல்டா


ஆம்ஸ்டர்டாம், தோணித்துறைக்கு அப்பால்
1984 ஜூன் 21

ஆல்டா,

காப்பி குடித்தேன். உட்கார்ந்தேன். தாள் தாளாகக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ‘எடுத்துக்கொள்’ என்றுதான் ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் ‘ஆனால்’ வந்து நின்றது.

என்னால் முடியாது.

நீ என்னைவிட நல்லவள், நீயாக இருந்தால் கொடுத்திருப்பாய் என்றெல்லாம் எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. காலையில் காலணியை மாட்டினால் தெரு, அவ்வளவுதான் இந்த வீடு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. அன்றைக்கு உன் மடியில் சொன்னது பொய்யில்லை, அந்த நிமிஷத்துக்கு நிஜம். தோணியில் திரும்பி வரும்போதே பயம் வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று சாவியைத் திருப்பும்போது, இது என்னுடையது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமைதோறும் உன்னை வந்து பார்க்கிறேன் என்று எழுதினேன். ஊரில் இருந்தால்தானே வருவேன்? அதையும் அடித்தேன்.

யோபி


ஆம்ஸ்டர்டாம்
1984 ஜூன் 25

கிடைத்தது. லெலிஸ்டாடுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.

ஆல்டா


ஆம்ஸ்டர்டாம், தோணித்துறைக்கு அப்பால்
1984 ஜூலை 30

அன்புள்ள ஆல்டா,

மூன்று கடிதம் எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கீழே நின்று மணி அடித்தேன். முதல் மாடிக்காரி இறங்கி வந்து, “இன்னிக்கு யாரையும் பாக்க மாட்டாங்களாம்” என்றாள். அவளுக்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

லெலிஸ்டாடில் நீ என்ன செய்வாய்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று எழுத வருகிறது. எழுத எனக்கு உரிமை இல்லை, தெரியும்.

நீ இறங்கும் நாளில் நான் ஊரில் இருக்கமாட்டேன். கெண்ட் போகிறேன். திட்டிக்கொள். ஜன்னலில் நீ தொங்குவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

என்னை மன்னிப்பாயா? ஒரு வார்த்தை எழுது.

யோபி


லெலிஸ்டாட்
1984 செப்டம்பர் 9

யோபி,

நீ பார்க்காமல் கெண்டுக்கு ஓடிவிட்டதால் எழுதவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் வரவில்லை. “அந்தம்மா நோயாளியா?” என்று கேட்டார்களாம். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள் என்றதும், அப்படியென்றால் எங்கள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். கடைசியில் வீடு மாற்றும் ஆட்கள்தான். கூரை முகப்புக் கொக்கியில் கயிறு போட்டு, அலமாரி, கட்டில், மேசை எல்லாம் இறக்கினார்கள். கடைசியாக என் சாய்வு நாற்காலி, அதில் நான், இடுப்பைச் சுற்றி மூன்று பட்டை. மேஸ்திரி பெரிய மீசைக்காரன்.

“பியானோ எறக்கியிருக்கேன், பீரோ எறக்கியிருக்கேன். பேசற சாமான இப்பத்தான் முதல் தடவ எறக்கறேன்.”

“பேசறது மட்டுமில்ல, திட்டவும் திட்டும். மெதுவா விடு. நான் பாத்துக்கிட்டே போகணும்.”

ஜன்னலை விட்டு நாற்காலி வெளியே வந்த நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். திறந்தபோது இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே இருக்கிறேன். நம் ஊரில்தான் பகலில் யாரும் திரையை மூடுவதில்லையே. ஸ்த்ராட்மன் வீட்டுத் தரை முழுக்க ஒரே ஒரு படம், துண்டுகளைக் கோத்துச் செய்கிற அந்தப் பெரிய படம். சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு மட்டும் நடக்க வழி விட்டிருக்கிறார். என் காலுக்குக் கீழே இத்தனை வருடம் கேட்ட பூனை நடைக்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சுவரை ஒட்டியே ஜன்னலுக்கு வந்து, கறுப்புக் கோட்டு இல்லாமல், கையசைத்தார்.

“கொஞ்சம் நிறுத்துப்பா” என்றேன்.

“இது என்ன பஸ்ஸாம்மா?” என்றான். ஆனால் நிறுத்தினான்.

முதல் மாடியில் அவள் காலிரண்டையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். மேசைக்கு அடியில் அவள் குழந்தைகள் ஒரு கடை போட்டிருந்தார்கள். சரக்கு வெறும் கூழாங்கல், விலைச்சீட்டு மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக இருந்தது. பிறகு தரை வந்துவிட்டது. இவர்கள் தலைக்கு மேலே காலமெல்லாம் குடியிருந்தேன் யோபி. போர்த்தோவிலும் ட்ரியெஸ்தேயிலும் கைப்பிடிகளைக் கூட எண்ணத் தெரிந்த நமக்கு, இங்கே கீழே யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

தெருவில் என்னை வைத்ததும் படகுவீட்டுக்காரன் கை கொடுத்தான். கொஞ்ச நேரம் அந்தக் கல் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பவேண்டும் என்றார்கள். அப்போது அழுதேன். நன்றாகவே அழுதேன், மீசைக்காரன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

மூன்றாம் மாடியிலிருந்து இறக்கச் சொன்னால் கடலடிக்கே இறக்கிவிட்டார்கள். இந்த ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நீ சொன்னது சரி, பார்க்க ஒன்றுமில்லை. மரங்கள் என்னைப் போலவே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. முதல் வாரம் அடுத்த வீட்டுக் கதவை என் சாவியால் திறக்கப் பார்த்தேன், அவர்களும் அசரவில்லை, “எல்லாரும் செய்யறதுதான், வாங்க, காப்பி இருக்கு” என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி செடி வைக்கக் குழி தோண்டினால் சிப்பி வருகிறது. சில ராத்திரி பழைய தெரு நினைவு வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே வெளியே போக முடியவில்லை, இங்கே மனசால் உள்ளே வர முடியவில்லை. ஒரு நாள் வரலாம்.

போன வியாழன் மழை பெய்தது. ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். பத்து மாதமாக மழையைப் பார்த்திருக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, கதவு இருக்கிறது என்று. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் நடைபாதையில் நின்றேன். தலை நனைந்தது, கழுத்துக்குள் இறங்கியது, காலணிக்குள் தண்ணீர் ஏறியது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்து கத்தினாள், “அம்மா, நனையறீங்க! உள்ள போங்க!” அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஜலதோஷம் பிடித்துவிட்டது. இந்த வருடத்துச் சின்ன சந்தோஷம் அதுதான். நீ எந்த ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் சரி, இந்த முறை நான்தான் ஜெயித்தேன்.

மன்னித்தேனா என்று கேட்டிருந்தாய். இல்லை. ‘எடுத்துக்கொள்’ளுக்கும் ‘முடியாது’க்கும் நடுவே என்னை ஒரு வாரம் வாழவிட்டாயே, அதை மன்னிக்க வரவில்லை. ‘முடியாது’ என்றதைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது.

ஆனால் இங்கே வராதே, நான் வருகிறேன். விசாரித்துவிட்டேன். என் வாசலிலிருந்து பஸ், பஸ்ஸை விட்டால் தோணி, தோணியை விட்டால் உன் தெரு. பஸ் ஏறத்தான் ஓட்டுநர் கை கொடுக்க வேண்டும், வேறெங்கேயும் ஒரு படி இல்லை. இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஊரில் இரு.

ஆல்டா